மோசடிக்காரியின் குரல்

முதல் தடவை அந்தப் பெண் போன் செய்தபோது ஆஹோக்கின் இரண்டு கைகளும் சிப்பிச் சேற்றில் இருந்தன. போன் கொட்டகைத் தூணில் மாட்டியிருந்தது. ஒவ்வொரு போனுக்கும் கையுறையைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தால் பிழைப்பு நடக்காது. முழங்கையால் பொத்தானை அமுக்கி, கொட்டகை முழுக்கக் கேட்கும்படி வைத்துப் பேசுவதுதான் அந்த வீட்டு வழக்கம். ரகசியம் பேச நினைப்பவர்கள் வேறு வீட்டுக்குத்தான் போன் போட வேண்டும்.

“ஷுவானோட அப்பாங்களா? நான் தைனான்லேருந்து, அவங்க படிக்கிற பல்கலைக்கழகத்துலேருந்து பேசறேன். உங்க பொண்ணோட படிப்புக்கு உதவியா இங்க நிறைய இருக்கு. எல்லாமே இலவசம். அவங்க அட்டை நம்பரை மட்டும் ஒருதடவை…”

முழங்கையால் ஒரே இடி. போன் அடங்கியது.

“யாருய்யா?” என்றாள் மனைவி லியென். எதிரே முக்காலியில் உட்கார்ந்து கத்தியால் சிப்பியை நெம்பிக்கொண்டிருந்தாள்.

“மோசடிக்காரி. இலவசமாம், அட்டை நம்பராம்.”

“குரல் நல்லா இருந்துச்சே.”

“நல்லா இல்லாத குரலை வெச்சு எவனாவது மோசடி பண்ணுவானா?”

அவரைக் குறை சொல்ல முடியாது. ஜியாயி கடற்கரையில் அந்த வருஷம் ஏமாறாத தெருவே இல்லை. ஒருத்தி வங்கி என்பாள், ஒருத்தன் நீதிமன்றம் என்பான். பக்கத்துச் சிப்பிக் கொட்டகைக்காரர் அப்படித்தான் ஏமாந்து படகையே விற்றார். கோயில் வாசலில் அடிக்கடி கூட்டம் போட்டு, ஃபெங் என்கிற இளம் போலீஸ்காரர் ஒலிபெருக்கியில் தொண்டை கிழியக் கத்துவார்.

“பெரியவங்களே, இப்போ புதுசா ஒண்ணு கெளம்பியிருக்கு. ‘அப்பா, நான்தான்’னு உங்க புள்ளைங்க குரல்லயே அழுவானுங்க. நம்பாதீங்க. போனை வைங்க!”

அதைக் கேட்டு ஆஹோக் சிரித்தார். “என்கிட்ட அது நடக்காது தம்பி. என் பொண்ணு இன்னிக்கு வரைக்கும் போன்ல பேசினதே இல்ல.”

அது உண்மைதான். ஷுவானுக்குச் சின்ன வயதிலிருந்தே இரண்டு காதிலும் மெஷின். எதிரே இருப்பவரின் முகத்தைப் பார்த்தால், உதட்டைப் பார்த்தால், பேச்சு பிடிபடும். முகம் திரும்பிவிட்டால் வெறும் இரைச்சல். போனுக்கு ஏது முகம்? அதனால்தான் பல்கலைக்கழகத்தில் சேரும்போது, போன் எண் கேட்ட இடத்தில் அவள் வீட்டு எண்ணைக் கொடுத்திருந்தாள். இது ஆஹோக்குக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் மட்டும் நம்பியிருப்பாரா என்றால், சந்தேகம்தான்.

இரண்டாவது தடவை அந்தப் பெண், “உங்க பொண்ணுக்குக் காது…” என்று ஆரம்பித்தாள்.

“அடிப்பாவி! காது விஷயம் வரைக்கும் விசாரிச்சு வெச்சிருக்கியா?” என்று ஆஹோக் எகிறினார். “காது கேக்காத புள்ளைய வெச்சுச் சம்பாதிக்கிறியே, உன் சோத்துல உப்பே போடமாட்டியா?” போனை வைத்தார்.

மூன்றாவது தடவை அவளைப் பேசவே விடவில்லை. படகில் ஊதுகிற ஹார்னை எடுத்து வந்து, போனுக்குப் பக்கத்தில் வைத்து ஓர் ஊது ஊதினார். வாய்க்காலில் நின்ற கொக்கெல்லாம் பறந்தது. அதற்கப்புறம் போன் வரவில்லை.

சும்மா இருந்திருக்கலாம். போலீஸ்காரர் ஃபெங்கிடம் போய்ப் பெருமையாகச் சொன்னார். ஃபெங் அடுத்த கூட்டத்தில் அவரை எழுந்து நிற்கச் சொல்லி, ஊரையே கைதட்ட வைத்து, ஓர் அரிசிப் பையைப் பரிசாகவும் கொடுத்தார். ஆஹோக் அதைத் தோளில் போட்டுக்கொண்டு, மீன் சந்தை வழியாகச் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

அரிசி தீர்ந்த சமயத்தில், ஒரு சனிக்கிழமை, ஷுவான் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்கு வந்து நின்றாள்.

மெலிந்திருந்தாள். காதை மூடித் தலைமுடியை விட்டிருந்தாள். ஊரில் இருந்தவரைக்கும் அப்படி விட்டதில்லை. சோறு வைத்தார்கள், தின்றாள். பிறகு பையிலிருந்து ஒரு தாளை எடுத்து அப்பா முன்னால் வைத்தாள்.

“இதுல உன் முத்திரையைக் குத்துப்பா.” அந்த ஊர்ப் பெரியவர்கள் கையெழுத்துக்குப் பதிலாகப் பெயர் பொறித்த முத்திரையைத்தான் குத்துவார்கள்.

“என்னது இது?”

“படிப்பை நிறுத்துறதுக்கு. அப்பா முத்திரை வேணுமாம்.”

லியெனின் கையிலிருந்த கிண்ணம் தொட்டிக்குள் விழுந்தது. “நல்லா இருக்கேன், நல்லா இருக்கேன்னு தெனமும் எழுதி அனுப்பினியேடி!”

“பின்ன என்னம்மா எழுதச் சொல்றே?” ஷுவான் அம்மாவின் முகத்தையும் அப்பாவின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு சொன்னாள். “வகுப்பு நம்ம கோயில் மண்டபத்தவிடப் பெருசு. வாத்தியார் போர்டைப் பாத்துக்கிட்டே பேசறாரு. திரும்பினா வாயில மைக். எல்லாரும் சிரிச்சா நானும் சிரிக்கிறேன், எதுக்குன்னு தெரியாது. போன வாரம் ஒரு கேள்வி கேட்டாரு. நான் வேற எதுக்கோ பதில் சொன்னேன். அன்னிக்கு மட்டும் எல்லாரும் எதுக்குச் சிரிச்சாங்கன்னு தெரிஞ்சுது.”



“நான் இங்கயே சிப்பி உடைக்கிறேன். எனக்கு அது வரும்,” என்றாள்.

ஆஹோக் லியெனின் கைகளைப் பார்த்தார். வியட்நாமிலிருந்து கல்யாணம் முடிந்து வந்தபோது எப்படியிருந்த கைகள். இப்போது விரலுக்கு விரல் ஓடு கிழித்த தழும்பு. ஐம்பது வயதுக்குக் கிட்டத்தில் கல்யாணம் செய்து, பிறந்த ஒரே பெண் இவள். இவள் கையில் அந்தக் கத்தி ஏறக்கூடாது என்பதுதான் இத்தனை வருஷமும் அவர் குடும்பம் நடத்திய ஒரே காரணம். அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லத் தெரியாது.

ஆகவே தெரிந்ததைச் சொன்னார்: “எந்த ஆளுகிட்ட போய்ச் சேருதுன்னு பாக்காம நான் எந்தத் தாளுலயும் முத்திரை குத்தமாட்டேன்.”

“அப்பா, அது பல்கலைக்கழகம்!”

“எதுவா இருந்தா என்ன? முத்திரை என்னோடது. நானே வர்றேன். வாங்குறவன் மூஞ்சியப் பாத்துட்டுக் குத்துறேன்.”

திங்கட்கிழமை காலையில் அப்பாவும் பெண்ணும் பஸ் ஏறினார்கள். முத்திரை அவருடைய உள்பாக்கெட்டில், ஊக்குப் போட்டு. கையில் ஐஸ் போட்ட ஒரு பை சிப்பி. ஆபீசுக்கு வெறுங்கையோடு போனால் வேலை நடக்காது என்பது அவர் கண்ட உலகம். வழியெல்லாம் ஷுவான் ஜன்னலைப் பார்த்தாள். ஆஹோக் பேச நினைத்தபோதெல்லாம் அவள் முகம் அந்தப் பக்கம் இருந்தது.

பல்கலைக்கழகத்தில் முதல் ஜன்னலில் இருந்த ஆள் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, “மாற்றுத்திறன் அட்டை இருக்கிற மாணவங்க நிறுத்துறதா இருந்தா, கீழ உதவி அறையில ஒரு கையெழுத்து வாங்கிட்டு வரணும்,” என்றார்.

“பாத்தியா,” என்றார் ஆஹோக். “இனிமே அங்க, இங்கன்னு அலையவிட்டு ஏதாவது புடுங்குவானுங்க.”

உதவி அறை வராந்தாவின் கடைசியில் இருந்தது. கதவு அகலமாக, வாசற்படி இல்லாமல் இருந்தது. உள்ளே சக்கர நாற்காலியில் ஒரு வாலிபன் டப்பாச் சோறு தின்றுகொண்டிருந்தான். மூலையில் ஒரு பெண் கண்ணை மூடியபடி, விரலால் எதையோ தடவிப் படித்துக்கொண்டிருந்தாள். மேசைக்குப் பின்னாலிருந்து குட்டை முடி வைத்த ஒரு பெண் எழுந்து வந்தாள். ஷுவானுக்கு நேராக நின்று, முகத்தைக் காட்டி, வாயை நன்றாகத் திறந்து சொன்னாள்:

“வாங்க. நான் தோங். உக்காருங்க, என்ன விஷயம்?”

ஆஹோக் கையிலிருந்த தாளையும் அதன்மேல் பையையும் தொப்பென்று மேசைமேல் போட்டார்.

“இவதான்! மோசடிக்காரி! இந்தக் குரலை நான் தூக்கத்துல கூட அடையாளம் சொல்லுவேன்!”

சக்கர நாற்காலி வாலிபன் சோற்றை விழுங்கிவிட்டு, “டீச்சர், கடைசியில உங்களைப் புடிச்சுட்டாங்க,” என்றான்.

தோங் டீச்சர் ஆஹோக்கை மேலும் கீழும் பார்த்தாள். “படகு ஹார்ன் ஊதினது நீங்கதானா?”

“ஆமா, நான்தான்!”

“ரெண்டு நாளைக்கு என் காதுல குய்யின்னு கேட்டுது பெரியப்பா. இதே அறையில எனக்கும் ஒரு மெஷின் எழுதி வாங்கணுமோன்னு நெனச்சேன்.”

மூலையில் படித்துக்கொண்டிருந்த பெண் பக்கென்று சிரித்தாள். ஆஹோக் சிரிக்கவில்லை. சுவரைப் பார்த்தார். பல்கலைக்கழகத்தின் பெயர் இருந்தது. ஜன்னல், மேசை, பிள்ளைகள் எல்லாம் இருந்தன. மோசடிக்காரர்கள் இவ்வளவு செலவு செய்வார்களா என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தார். பிறகு பையை அவள் பக்கம் தள்ளினார். வாங்கிக்கொண்டால் மோசடிக்காரிதான் என்று தெரிந்துவிடும்.

“காலையில எடுத்த சிப்பி. வெச்சுக்கோ.”

“ஐயோ, எனக்குச் சிப்பின்னா உயிரு,” என்றாள் டீச்சர். “ஆனா வாங்கக்கூடாது பெரியப்பா. ஒண்ணு கூட. எடுத்துக்கிட்டுப் போங்க.”

ஆஹோக் போட்ட கணக்கு இங்கே தப்பியது. ஒரு சிப்பிகூட வாங்காதவள் என்ன மோசடிக்காரி?

அதற்குள் ஷுவான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவள் இருவர் உதட்டையும் பார்த்துக்கொண்டேதான் இருந்தாள்.

“இவங்க போன் பண்ணாங்களா? எப்போ? எதுக்குப்பா?”

“மெயிலும் அனுப்பினோம்,” என்றாள் டீச்சர்.

“நான் அந்தப் பெட்டியத் தொறக்கறதே இல்ல… இப்படி ஒரு அறை இருக்குன்னே எனக்குத் தெரியாது. அப்பா, சொல்லு. போன் வந்துச்சா?”

ஆஹோக் தலையைக் குனிந்தார். உடனே நிமிர்ந்தார். குனிந்தால் அவளுக்குக் கேட்காது. அந்த வீட்டில் தப்பைக்கூட முகத்தை நிமிர்த்திக்கொண்டுதான் ஒப்புக்கொள்ள வேண்டும். அவருக்கு அது முடியவில்லை.

“வந்துச்சு,” என்றார் கடைசியில். அவ்வளவுதான்.

ஷுவானின் கண் கலங்கியது. ஆனால் தோங் டீச்சர் அழுகைக்கு நேரம் கொடுக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுப் பேச ஆரம்பித்துவிட்டாள். வாத்தியார் பேசப் பேசப் பக்கத்தில் உட்கார்ந்து கணினியில் அடித்துக்கொண்டே வருவதற்கு ஆள் உண்டாம். அவர் சொல்கிற நகைச்சுவைகூடத் திரையில் வந்துவிடுமாம். “மொக்கையா இருந்தா ‘மொக்கை’ன்னே அடிச்சுருவாங்க,” என்றான் சாப்பிட்டுக்கொண்டிருந்த வாலிபன். ஆங்கிலத்தில் காதால் கேட்டு எழுதும் பரீட்சைக்குப் பதிலாக வேறு பரீட்சை கேட்கலாமாம். வகுப்பில் எந்த இடம் வேண்டும் என்று அவளே சொல்லலாமாம். போர்டைப் பார்த்துப் பேசுகிற வாத்தியாரிடம் டீச்சரே போய்ப் பேசுவாளாம்.

“அவரு கேக்கலைன்னா?” என்றார் ஆஹோக்.

“உங்ககிட்ட ஹார்னைக் கடன் வாங்கிட்டுப் போறேன்.”

பிறகு அலமாரியைத் திறந்து, கயிற்றில் தொங்கும் ஒரு சின்ன மைக்கை எடுத்தாள். தீப்பெட்டி அளவுதான். “வாத்தியார் இதைக் கழுத்துல மாட்டிக்குவாரு. அவரு எந்தப் பக்கம் திரும்பினாலும் பேச்சு நேரா உங்க மெஷினுக்கு வந்துரும்.” ஷுவானின் காதுமெஷின்களைக் கேட்டு வாங்கி, என்னவோ அமுக்கி, திருப்பி மாட்டச் சொன்னாள். மைக்கில் மெதுவாக, “கேக்குதா?” என்றாள். ஷுவான் தலையாட்டினாள்.

“இதுல என்ன இருக்கு?” என்றார் ஆஹோக். “உதட்டப் பாத்தா அவளுக்குத் தெரியும். அவ கெட்டிக்காரி. இங்க குடு அதை.”

மைக்கைப் பிடுங்கித் தன் கழுத்தில் மாட்டிக்கொண்டு வெளியே நடந்தார். வராந்தாவைத் தாண்டி, முற்றத்தைத் தாண்டி, சைக்கிள்கள் நிற்கும் ஆலமரத்தடிக்குப் போனார். அறை ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நின்றார். அவர் வாயை இனி யாரும் பார்க்க முடியாது. இப்போது யாராலும் ஊகிக்க முடியாத எதையாவது சொல்ல வேண்டும். யோசித்தார்.

“உங்கம்மா செய்யுற மீன் சாஸ் இருக்கு பாரு, அது எனக்குப் புடிக்கவே புடிக்காது. இருபது வருஷமா மூச்சப் புடிச்சுக்கிட்டு முழுங்குறேன். அவகிட்ட சொல்லிராதே.”

ஒரு சத்தமும் இல்லை. விழுதுகள் மட்டும் காற்றில் ஆடின. நினைத்தேன், எல்லாம் கண்கட்டு வித்தை என்று ஆஹோக் நினைத்துக்கொண்டார். யாருக்கும் கேட்கவில்லை என்று ஆன பிறகு மனசு கொஞ்சம் தளர்ந்தது. தலையைத் தாராளமாகக் குனிந்துகொண்டார்.

“உனக்குன்னு வந்த போனை நான்தான் வெச்சேன், குட்டி. மூணு தடவையும். அதுக்கு ஊரு கைதட்டுச்சு. நீ அங்க ஒத்தையில உக்காந்து எதுக்குன்னு தெரியாம சிரிச்சுக்கிட்டு இருந்திருக்கே. என் தப்பு. ஒரு வருஷம் இருந்து பாரேன். அப்பாவுக்காக இருந்து பாரேன்.”

மூக்கை உறிஞ்சிக்கொண்டு திரும்பினார்.

ஜன்னலில் ஷுவான் நின்றிருந்தாள். முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கி, காதைப் பொத்திப் பிடித்திருந்தாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. முற்றம் முழுக்கக் கேட்கும்படி கத்தினாள்:

“இருபது வருஷமாவாப்பா?”

சைக்கிள் எடுக்க வந்த பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். ஆஹோக் கழுத்தில் தொங்கிய அந்தத் தீப்பெட்டியைக் கையால் பொத்திக்கொண்டு, அப்படியே கொஞ்ச நேரம் மரத்தடியில் நின்றார். பதினெட்டு வருஷத்தில் அவர் முதுகைக் காட்டிச் சொன்னதற்கு அவள் பதில் சொன்னது அதுதான் முதல் தடவை.

உள்ளே வந்ததும் பாக்கெட்டின் ஊக்கைக் கழற்றி முத்திரையை எடுத்தார். “எதுல குத்தணும் டீச்சர்? நீங்க காட்டுங்க, நான் குத்துறேன்.” அதுவரை ‘நீ’ என்றவர் ‘நீங்க’ என்றதை அவரே கவனிக்கவில்லை. மைக்கை இரவல் வாங்கும் தாளில் சிவப்பு அழுந்தப் பதிந்தது. படிப்பை நிறுத்தும் தாள் சிப்பிப் பைக்கு அடியில் ஐஸ் தண்ணீரைக் குடித்து ஊறிப் போயிருந்தது. அதை யாரும் எடுக்கவில்லை. சிப்பியை என்ன செய்வது என்ற கேள்விக்குச் சக்கர நாற்காலி வாலிபன் பதில் வைத்திருந்தான்.

“டீச்சர்தான் வாங்கக்கூடாது பெரியப்பா. நான் வாங்கலாம்.”

“வாங்கிக்கோடா ராசா,” என்றார் ஆஹோக். “ஆனா ஒரு நாலு சிப்பி, தெரியாத்தனமா, டீச்சர் தட்டுல விழுந்துரணும்.”

ஊருக்குத் திரும்பியதும் அவர் செய்த முதல் வேலை, புதிதாக ஓர் அரிசிப் பை வாங்கி ஃபெங்கிடம் திருப்பிக் கொடுத்தது. ஃபெங் வேண்டாம் என்றதற்கு, “அப்போ எனக்கு அந்த ஒலிபெருக்கியக் குடு,” என்றார். அடுத்த கூட்டத்தில் கோயில் வாசலில் நின்று சொன்னார்: “நான் வெச்சது மோசடி போன் இல்ல. நல்ல போன். கைதட்டினவங்க எல்லாம் திருப்பி எடுத்துக்கோங்க. போனை வைங்க, வேண்டாங்கல. வெச்சுட்டு, அந்த ஆபீஸ் நம்பரை நீங்களே தேடித் திருப்பிக் கூப்பிட்டுக் கேளுங்க. அதுக்குக்கூடச் சோம்பேறித்தனம்னா உங்க புள்ளைங்க பாவம்.” இறங்கிவிட்டார். யாரும் கைதட்டவில்லை. ஃபெங் மட்டும் அதைத் தன் பேச்சில் சேர்த்துக்கொண்டார்.

குளிர் இறங்கிச் சிப்பி கொழுத்த சமயம். கொட்டகையில் வேலை மும்முரமாக இருந்தபோது போன் அடித்தது. ஆஹோக் முழங்கையால் அமுக்கினார்.

“அப்பா, நான்தான்.”

லியெனின் கத்தி நின்றது. ஓரம் கொஞ்சம் மழுங்கிய குரல். ஷுவானின் குரல் மாதிரியேதான் இருந்தது. ஆனால் அந்தக் குரலிலேயேதானே வருவார்கள் என்று ஃபெங் தொண்டை கிழியச் சொன்னார்!

“என் பொண்ணு போன்ல பேசமாட்டா. வை போனை!” முழங்கை உயர்ந்தது.

“வெச்சுறாதப்பா! தோங் டீச்சர் அந்த மைக்கை போனோட சேத்துக் குடுத்திருக்காங்க. நீ பேசறது எனக்குக் கேக்குது. நெஜமாப்பா!”

“நீ என் பொண்ணுன்னா, ஆலமரத்தடியில நான் என்ன சொன்னேன்? சொல்லு பாக்கலாம்.”

கேட்ட பிறகுதான் போன் எல்லார் காதிலும் விழும்படி வைத்திருக்கிறது என்பது உறைத்தது. அதற்குள் பதில் கொட்டகை முழுக்க வந்துவிட்டது.

“அம்மா செய்யுற மீன் சாஸ் உனக்குப் புடிக்கவே புடிக்காதுன்னு சொன்னே. இருபது வருஷமா மூச்சப் புடிச்சுக்கிட்டு முழுங்குறேன்னு சொன்னே. அப்புறம் இன்னொண்ணும் சொன்னே. அதை நான் சொல்லமாட்டேன்.”

லியென் மெதுவாக எழுந்து நின்றாள். “யோவ் கிழவா. என்னது?”

“மோசடிக்காரி,” என்றார் ஆஹோக். “அவ சொல்றத நம்பாதே.” ஆனால் அவர் குரலே அவரைக் காட்டிக்கொடுத்தது.

லியென் கத்தியோடு நின்றபடியே போனைப் பார்த்தாள். பிறகு முகத்தை அதற்குக் கிட்டே கொண்டுபோய், உதட்டை நன்றாக அசைத்து, வழக்கம்போல உரக்கச் சொன்னாள்: “ஷுவான், சாப்பிட்டியாடி?”

“சாப்பிட்டேம்மா. கத்தாதே. கேக்குது.”

ஆஹோக் ஒரு கையுறையைக் கழற்றினார். மற்றதையும் கழற்றினார். ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, அந்தக் கொட்டகையில் யாருமே தூக்கியிராத ரிசீவரைத் தூக்கித் தன் காதில் வைத்துக்கொண்டார்.

“பேசு குட்டி,” என்றார். “நான் வைக்கமாட்டேன்.”